கச்சேரி காத்து வாங்குதா?

“நாலு பேருக்குச் சோறு போடற காசுல ஒருத்தன் உட்கார்ந்து பாட்டு வாசிக்கணுமா?”

இந்தக் கேள்வியை நீங்களே கேட்டிருக்கலாம். இல்லையென்றால் யாராவது கேட்டு நீங்கள் தலையாட்டியிருக்கலாம். எந்த ஊர் நகராட்சி பட்ஜெட்டில் துண்டு விழுந்தாலும் முதலில் எழுந்து நிற்கிற கேள்வி இதுதான். கேட்கிறவர் ஏழை பங்காளர் மாதிரித் தெரிவார். பதில் சொல்ல வாயைத் திறக்கிறவர் வயிறு நிறைந்த மேட்டுக்குடி ஆசாமி மாதிரித் தெரிவார். அதனாலேயே பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. மீதிப் பேர், ‘கலை என்பது ஆன்மாவின் உணவு’ என்று ஏதாவது கவிதையாகச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். ஆன்மாவுக்கு உணவு என்றால், வயிற்றுக்கு உணவு கேட்கிறவன் சிரிக்கத்தான் செய்வான்.

நான் படித்தது பி.காம். கவிதை வராது. கணக்கு ஓரளவு வரும். அதனால் இந்தச் சண்டையைக் கணக்கிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்று ஒரு நகரம். லண்டனுக்கு அடுத்த பெரிய ஊர். 2023 செப்டம்பர் 5-ம் தேதி அந்த ஊர் கவுன்சில், ‘சட்டப்படி செய்தே ஆக வேண்டிய செலவைத் தவிர இனி எதற்கும் புதிதாகப் பைசா கிடையாது’ என்று அறிவித்தது. நம்ம பாஷையில் சொன்னால் மஞ்சக் கடுதாசி. அடுத்த வருஷ பட்ஜெட்டில் கத்தி எடுத்தார்கள். ஊரின் முக்கியமான கலை அமைப்புகளுக்குக் கொடுத்துவந்த மானியம் 2024-25-ல் பாதியாகும், 2025-26-ல் பூஜ்யமாகும் என்று முடிவானது. உலகப் புகழ் பெற்ற அந்த ஊர் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, ரெப் நாடக அரங்கம், ஐகான் ஓவியக் கூடம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன.

உடனே நம்ம கேள்வி அங்கேயும் ஆங்கிலத்தில் எழுந்து நின்றது. வயசானவர்களைப் பார்த்துக்கொள்வதா, பிடில் கேட்பதா?

சரி, கடன் எப்படி வந்தது? பிடில் வாங்கியா? இல்லை. இரண்டு பெரிய காரணங்கள். ஒன்று, ஒரே மதிப்புள்ள வேலை செய்த பெண் ஊழியர்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகக் கொடுத்துவந்ததால் சேர்ந்த பாக்கி. அது 76 கோடி பவுண்டு வரை போகலாம் என்று 2023-ல் மதிப்பிட்டார்கள். இன்னொன்று, கணக்கு வழக்கைப் பார்க்க ஆரக்கிள் மென்பொருளுக்கு மாறிய திட்டம். 1 கோடியே 90 லட்சம் பவுண்டில் முடியும் என்று ஆரம்பித்து 10 கோடி பவுண்டை எட்டும் என்ற நிலைக்கு வந்தது. அவ்வளவு செலவழித்தும், கவுன்சிலால் தன் கணக்கைத் தானே ஒழுங்காகப் பார்க்க முடியாமல் போனது.

பெண்களின் கூலி பாக்கியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அது அவர்கள் காசு. இத்தனை வருஷம் கொடுக்காமல் வைத்திருந்ததுதான் குற்றம். ஆனால், அந்த மதிப்பீடு அளவுக்கு மீறியது என்று கணக்கியல் ஆய்வாளர்கள் பிற்பாடு வாதிட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதாவது கடன் எவ்வளவு என்றே திட்டவட்டமாகத் தெரியாத நேரத்தில், வெட்டு மட்டும் திட்டவட்டமாக விழுந்தது.

யார் மேல்? கூலியை ஏமாற்றியவர் மேலா? மென்பொருளில் கோட்டை விட்டவர் மேலா? வாசிக்கிறவன் மேல். வீட்டில் மாமனார் சீட்டாடித் தோற்றால் மருமகள் பூ வாங்குவதை நிறுத்துகிற மாதிரி.

பூவும் ஒரு செலவுதானே என்பீர்கள். செலவுதான். ஆனால் இந்தக் குடும்பத்தில் பூ விற்றுத்தான் வீடே கட்டினார்கள். அந்தக் கதை தெரியாமல் பேசக் கூடாது.

*

பர்மிங்காமில் 18-ம் நூற்றாண்டில் ஏழைகளுக்கு ஒரு பொது ஆஸ்பத்திரி கட்ட ஆரம்பித்தார்கள். பாதியில் பணம் தீர்ந்தது. 1768-ல் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்ட ஒரு இசை விழா நடத்தினார்கள். ஆஸ்பத்திரி 1779-ல் திறந்தது. விழாவும் நிற்கவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்று வழக்கமாகி 1912 வரை நடந்தது. கூட்டம் கூடக்கூட இடம் போதவில்லை. அந்த விழாவுக்காகவே ஊருக்கு நடுவில் ஒரு டவுன் ஹால் கட்டினார்கள். 1834-ல் திறந்தார்கள். அதற்குள் வில்லியம் ஹில் என்ற லண்டன் ஆசாமி ஒரு பைப் ஆர்கனைச் செய்து நிறுத்தினார்.

அதாவது ‘சோறா, பாட்டா’ என்று நாம் கேட்கிற அதே ஊரில், பாட்டுதான் ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கிக் கொடுத்தது. நோயாளிக்கு மருந்து வாங்கும் காசைக் கச்சேரி தின்றது என்று யாரும் சொல்லவில்லை. கச்சேரிதான் மருந்து வாங்கியது. 1846-ல் மெண்டல்ஸன் தன் ‘எலியா’வை அந்த ஹாலில்தான் முதன்முதலாக அரங்கேற்றினார். அதுவும் இதே விழாவில்தான்.

இந்த இடத்தில் ஆர்கன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ‘இன்டர்ஸ்டெல்லார்’ படம் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு அதிர்வு வருமே, அது லண்டன் டெம்பிள் சர்ச்சில் இருக்கும் ஆர்கன். ஹார்மோனியத்துக்கு அண்ணன் என்று இதைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் புல்லாங்குழலுக்கும் நாதஸ்வரத்துக்கும் இது ஒன்றுவிட்ட பெரியப்பா. எல்லாமே குழாய்கள். ஒரு குழாய்க்கு ஒரே ஒரு ஸ்வரம், ஒரே ஒரு குரல். புல்லாங்குழல் மாதிரிக் குரல் வேண்டுமென்றால் அதற்கு ஒரு வரிசைக் குழாய்கள், எக்காளம் மாதிரி வேண்டுமென்றால் அதற்குத் தனி வரிசை. இப்படிச் சேர்ந்து சேர்ந்து பர்மிங்காம் டவுன் ஹாலில் 6,000-க்கும் மேல் குழாய்கள். பெரிய குழாய் 32 அடி, மூன்று மாடி உயரம். சின்னது பென்சில் அளவுகூட இருக்காது. கீழே உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு ஆள், இரண்டு கை, இரண்டு கால் எல்லாவற்றையும் வைத்து இந்த மொத்தப் பட்டாளத்தையும் வாசிக்கிறார். காலுக்கும் தனியாகக் கட்டைகள் உண்டு. கரண்ட் வருவதற்கு முன் பின்னால் ஆட்கள் நின்று துருத்தி மிதித்தார்கள். இப்போது மோட்டார் ஊதுகிறது.

ஆர்கன் என்றாலே சர்ச் என்றுதான் நமக்குப் பழக்கம். ஆனால் 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் அதைச் சர்ச்சிலிருந்து டவுன் ஹாலுக்குக் கூட்டிவந்தன. பர்மிங்காமுக்குப் பின்னால் லிவர்பூல், லீட்ஸ் என்று வரிசையாக வாங்கின. ஏன்? பக்தியா? கிடையாது. கணக்கு! ஒரு ஊர் முழு ஆர்க்கெஸ்ட்ராவைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது என்றால் அறுபது, எழுபது பேருக்கு மாதாமாதம் படியளக்க வேண்டும். ஆர்கன் இருந்தால் ஒரே ஒரு சம்பளம். சிம்பொனிகளையும் ஓபரா முன்னிசைகளையும் ஒரு ஆள் வாசிக்கிற மாதிரி மாற்றி எழுதி வாசித்துவிடலாம். லிவர்பூல் செயின்ட் ஜார்ஜ் ஹாலில் 1855-ல் வேலைக்குச் சேர்ந்த டபிள்யூ.டி. பெஸ்ட் என்பவர் 1894 வரை இதைத்தான் செய்தார். ஓபரா அரங்கில் டிக்கெட் வாங்க வழியில்லாத ஆலைத் தொழிலாளி பீத்தோவனையும் ரோசினியையும் முதன்முதலாகக் கேட்டது இப்படிப்பட்ட ஹால்களில்தான்.

முதலீடு ஒரு தடவை. பலன் நூற்றைம்பது வருஷம். தேய்மானம் குறைவு. ஒழுங்காகப் பராமரித்தால் ஆயுள் நீளும். என் பி.காம். வாத்தியார் உயிரோடு இருந்தால், இதைவிட உருப்படியான நிலையான சொத்து ஒன்றைக் காட்டு என்று என்னைக் கேட்டிருப்பார். இதை வருஷாவருஷம் ‘செலவு’ என்ற தலைப்பில் எழுதி ‘நஷ்டம்’ என்று கூட்டிக் காட்டுகிறவருக்கு அவர் பாஸ் மார்க் போட்டிருக்க மாட்டார்.

*

“அதெல்லாம் சரி சார், இப்ப யார் கேக்கறா? ஹாலெல்லாம் காத்து வாங்குது” என்பது அடுத்த அஸ்திரம்.

காற்று வாங்குவதுதான் ஆர்கனுக்கு வேலை. ஹால் காற்று வாங்குகிறதா என்பது வேறு விஷயம். அது ஹாலின் கதவை யாருக்கு, என்றைக்கு, என்ன விலைக்குத் திறந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்காவில் சான் டியகோ. ஊரின் பெரிய பூங்கா பால்போவா பார்க். 1915-ல் அங்கே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதை ஒட்டி ஸ்ப்ரெக்கல்ஸ் சகோதரர்கள் என்ற சர்க்கரைக் கோடீஸ்வரர்கள் திறந்தவெளியில் ஒரு பைப் ஆர்கனைக் கட்டி ஊருக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1914 டிசம்பர் 31 ராத்திரி திறப்பு விழா. அன்றிலிருந்து இலவசக் கச்சேரி அந்த ஆர்கனின் அடையாளமாகிவிட்டது. இன்றும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே போய் உட்கார்ந்தால் டிக்கெட் கேட்க ஆள் கிடையாது. 5,000 குழாய்க்கு மேல் ஊதுகிறது. குழந்தை அழுதால் யாரும் திரும்பி முறைக்கப் போவதில்லை. ஏனென்றால் மேலே விமானமும் சத்தம் போட்டுக்கொண்டுதான் போகிறது. ‘சிவிக் ஆர்கனிஸ்ட்’ என்று ஊருக்கு ஒரு ஆஸ்தான வித்வான் பதவியே உண்டு. 2001-ல் கரோல் வில்லியம்ஸ் என்ற பெண்மணி அந்தப் பதவிக்கு வந்து 2016 வரை வாசித்தார்.

கோடீஸ்வரரின் தாராள மனசு என்று நான் உருகப் போவதில்லை. அண்ணன் ஜான் ஸ்ப்ரெக்கல்ஸுக்கு அந்த ஊரில் டிராம் கம்பெனி இருந்தது, பத்திரிகை இருந்தது, ஹோட்டல் இருந்தது. பூங்காவுக்குக் கூட்டம் வந்தால் டிராம் டிக்கெட் காசு யார் கல்லாவில் விழும்? அவருக்குக் கணக்கு தெரியும். இலவசக் கச்சேரி ஒரு ஊருக்கு எந்தெந்த வழியில் பணமாகத் திரும்பும் என்று அந்த வியாபாரிக்கு 1914-லேயே புரிந்திருக்கிறது. நம்ம காலத்து பட்ஜெட் நிபுணர்களுக்குத்தான் புரியவில்லை.

இன்னொரு ஊர். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலத்தில் போர்ட்லேண்ட். 1912-ல் அந்த ஊர் சிட்டி ஹாலுக்கு சைரஸ் கர்ட்டிஸ் என்ற பத்திரிகை முதலாளி ஒரு ஆர்கனைப் பரிசளித்தார். தன் குடும்ப நண்பரான ஒரு பாட்டு வாத்தியார் ஹெர்மான் காட்ஷ்மாரின் நினைவாக. பாட்டு வாத்தியார் பெயரில் சிட்டி ஹாலில் சொத்து! நம்ம ஊரில் சிலை வைப்பதற்கே ஜாதி சங்கம் வேண்டும். எழுபது வருஷம் கழித்து, 1980-களின் ஆரம்பத்தில், நகராட்சி ‘காசு இல்லை’ என்று ஆர்கனிஸ்ட்டுக்கான பணத்தை நிறுத்தியது. ஊர்க்காரர்கள் 1981-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். வசூல் பண்ணினார்கள், கச்சேரி நடத்தினார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்த வாத்தியத்தைச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள்.

இந்த இடத்தில்தான் நம்ம எதிர்க்கட்சி நண்பர் குதிப்பார். “பார்த்தீங்களா, ஜனங்களே பாத்துக்கறாங்க. அரசாங்கம் எதுக்கு?”

கொஞ்சம் பொறுங்கள் ஐயா. கதை முடியவில்லை. நூறு வருஷமானதும் அந்த ஆர்கனுக்கு முழு ரிப்பேர் தேவைப்பட்டது. 2012-ல் பிரித்து எடுத்துப் போய் 2014-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். செலவு சுமார் 26 லட்சம் டாலர். ஊர்க்காரர்கள் சில்லறையாகச் சேர்த்தது ஒரு பாதி. இன்னொரு பாதியை யார் கொடுத்தது? கையை விரித்த அதே நகராட்சி. முப்பது வருஷம் ஜனங்கள் அணையாமல் பார்த்துக்கொண்டதால்தான் கொடுப்பதற்கு ஒரு பொருள் மிச்சமிருந்தது. ஜனங்கள் அரசாங்கத்துக்கு மாற்று அல்ல. அரசாங்கத்தைத் திரும்ப இழுத்துவருகிற கயிறு. அந்தக் கயிற்றையே காரணம் காட்டி ‘நாங்கள் விலகிக்கொள்கிறோம்’ என்பது, பக்கத்து வீட்டுக்காரர் குழந்தைக்குச் சாப்பாடு போட்டதால் அப்பா பொறுப்பு முடிந்தது என்பது மாதிரி.

*

இதுவரை கேட்பதைப் பற்றிப் பேசினோம். எனக்கு இதைவிடப் பெரிய கவலை, கற்றுக்கொள்வதைப் பற்றி.

கிடார் கற்க ஆசைப்படுகிறவன் ஒன்று வாங்கி மொட்டைமாடியில் உட்காரலாம். கீபோர்டு கட்டிலுக்கு அடியில் போகும். மிருதங்கம் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவார், அவ்வளவுதான். ஆனால் பைப் ஆர்கனை யாரும் வீட்டில் வாங்கி வைக்க முடியாது. அது கட்டடத்தின் ஒரு பாகம். ஆகவே கற்றுக்கொள்ள வேண்டுமானால் அந்தக் கட்டடத்தின் சாவி வேண்டும். சாவி வைத்திருப்பவர் யாருக்குக் கொடுக்கிறாரோ அவன்தான் ஆர்கன் கற்றுக்கொள்வான். மற்றவனுக்கு எத்தனை திறமை இருந்தாலும் வாசலோடு சரி.

சாவி யாருக்குப் போனது என்று பார்த்தால் கதை விளங்கும். இங்கிலாந்தின் கதீட்ரல்களில் பாடும் பிள்ளைகளாக நூற்றாண்டுக் கணக்கில் பையன்களைத்தான் சேர்த்தார்கள். தனியாக ஒரு பெண் பிள்ளைகள் குழு சாலிஸ்பரி கதீட்ரலில் 1991-ல்தான் வந்தது. பாட வந்த பையன்தான் ஆர்கன் பக்கத்தில் நின்று பார்ப்பான், வாசிக்கக் கேட்பான், பெரியவனானதும் உட்காருவான். பெண்ணுக்கு அந்த வாசலே கிடையாது. அப்புறம், ‘பெண்களுக்கு ஆர்கனில் ஆர்வமில்லை’ என்று ஒரு சித்தாந்தம்! ஆக்ஸ்ஃபோர்டில் மாக்டலன் கல்லூரி ஆர்கன் மாணவர் உதவித்தொகையை ஒரு பெண்ணுக்குக் கொடுக்க, கல்லூரி ஆரம்பித்ததிலிருந்து 560 வருஷம் ஆனது. அந்தப் பெண் அன்னா லாப்வுட். இன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், 9,999 குழாய் ஆர்கனில் வாசிப்பவர். அவர் வாசிப்பதை லட்சக்கணக்கான இளசுகள் மொபைலில் பார்க்கிறார்கள். கூட்டம் ‘காத்து வாங்கு’வதாகப் புலம்பியவர்கள், கதவுக்கு வெளியே எத்தனை பேரை நிறுத்திவைத்திருந்தோம் என்று எண்ணிப் பார்க்கவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். பொது ஹாலில் ஆர்கன், அதை ஒட்டி ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு என்பது உபரி அலங்காரம் இல்லை. அதுதான் சாவி. கச்சேரியை நிறுத்தினால் இந்த வருஷத்துக் கேட்பவர்கள் போவார்கள். வகுப்பை நிறுத்தினால் இருபது வருஷம் கழித்து வாசிக்க ஆள் இருக்காது. அப்போது ஒரு கமிஷன் போட்டு, ‘வாசிக்க ஆளில்லாததால் ஆர்கனை விற்றுவிடலாம்’ என்று அறிக்கை கொடுப்பார்கள். வாசிக்காத ஆர்கன் சும்மாவும் இருக்காது. தோல் வெடிக்கும், தூசி அடையும், ஈரம் ஏறும். பூட்டிவைத்தால் காசு மிச்சம் என்று நினைப்பவர்கள், பூட்டிய வீட்டுக்குள் கரையான் வாடகை கொடுக்காது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

*

வகுப்பு என்றால் வாத்தியார் வேண்டும். வாத்தியார் என்றால் சம்பளம் வேண்டும். கலையை நேசிப்பவர்கள்கூட நழுவுகிற இடம் இது.

ஜெர்மனியைக் கலைக்கு உதாரணமாகக் காட்டாதவர் கிடையாது. சுமார் 50,000 ஆர்கன்கள், அதைச் செய்து பராமரிக்க 400 பட்டறைகள். அந்தக் கைத்தொழிலையும் இசையையும் 2017-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஊருக்கு ஊர் பொது இசைப்பள்ளி உண்டு. எல்லாம் பெருமைதான். ஆனால் அந்தப் பள்ளிகளில் எக்கச்சக்கமான வாத்தியார்களை எப்படி வைத்திருந்தார்கள் தெரியுமா? மணிக் கூலிக்கு. ‘நீங்கள் சுயதொழில் செய்பவர்’ என்று ஒரு ஒப்பந்தம். லீவு நாளில் சம்பளம் இல்லை. காய்ச்சல் வந்தால் சம்பளம் இல்லை. பென்ஷன் பங்கு இல்லை.

ஹெரன்பெர்க் என்ற சின்ன ஊரின் நகராட்சி இசைப்பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுத்த ஒரு ஆசிரியை விஷயம் கோர்ட்டுக்குப் போனது. 2022 ஜூன் 28-ம் தேதி ஜெர்மனியின் உச்ச சமூகப் பாதுகாப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அறை பள்ளியுடையது, பியானோ பள்ளியுடையது, மாணவர்களைச் சேர்ப்பது பள்ளி. இதில் இந்த அம்மாவின் ‘சுயதொழில்’ எங்கே இருக்கிறது? அவர் ஊழியர்தான், இன்ஷூரன்ஸ் பங்கைக் கட்டியே ஆக வேண்டும் என்றது. நாடு முழுக்க இசைப்பள்ளிகள் அலறின. ‘இப்படிச் செலவு ஏறினால் பள்ளியையே மூட வேண்டியதுதான்’ என்றார்கள். கடைசியில் 2025-ல் 2026 முடிய அவகாசம் கொடுத்து ஒரு இடைக்கால விதி கொண்டுவந்தார்கள்.

அந்த அலறலைக் கொஞ்சம் கவனியுங்கள். வாத்தியாருக்கு நியாயமான கூலி கொடுத்தால் மூடவேண்டி வரும் என்றால், இத்தனை நாள் அந்தப் பள்ளிக்கு மானியம் கொடுத்தது யார்? நகராட்சி மட்டும் இல்லை. அந்த வாத்தியாரம்மாவும்தான். அவர் வாங்காத லீவுச் சம்பளம், அவருக்குச் சேராத பென்ஷன், இதெல்லாம் எந்த பட்ஜெட் புத்தகத்திலும் ஏறாத நன்கொடை. பர்மிங்காமில் பெண்களின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு நகராட்சி நடத்தினார்கள். ஹெரன்பெர்க்கில் வாத்தியாரின் பென்ஷனைக் கட்டாமல் இசை வளர்த்தார்கள். இரண்டும் ஒரே கணக்குத்தான். அதனால், ‘கலைக்குப் பணம் கொடு’ என்று கோஷம் போடுகிறவர்களுக்கும் எனக்கும் சின்னத் தகராறு உண்டு. வாத்தியாரின் கூலியைச் சேர்த்துச் சொல்லாத கோஷத்துக்கு நான் வரமாட்டேன்.

நம்ம பேட்டையில் எப்படி? எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கீபோர்டு வகுப்பு இருக்கிறது. பெயர் வேண்டாம். வெளிநாட்டு கிரேடு பரீட்சைக்குத் தயார் செய்கிறார்கள். வருஷம் பூரா மூன்று பாட்டு, கொஞ்சம் ஸ்கேல், கடைசியில் ஒரு சர்டிபிகேட். பிள்ளை ஐந்தாவது கிரேடு முடித்திருக்கும். யாராவது எதிரில் உட்கார்ந்து ‘எதையாவது வாசிம்மா’ என்றால் அந்த மூன்றைத் தவிர நாலாவது வராது. சொல்லிக்கொடுக்கிற பையனுக்கு மணிக் கூலி. மே மாதம் வகுப்புக்கு லீவு, கூலிக்கும் லீவு. பெற்றோர் கட்டும் ஃபீஸுக்கும் அவன் கைக்கு வருவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ஒரு ஆர்கனே வாங்கலாம்.

அரசாங்கமும் நடத்துகிறது. தமிழ்நாட்டில் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் 17 இருக்கின்றன. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவுகள், மூன்று வருஷப் படிப்பு. உங்கள் மாவட்டத்தில் அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? டாஸ்மாக் எந்தத் தெருவில் என்றால் பட்டென்று சொல்வீர்கள். நான் குடிக்காதவன், நானே சொல்வேன்.

பைப் ஆர்கனும் நமக்கு அந்நியமில்லை. எழும்பூரில் ‘கிர்க்’ என்று சொல்லும் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச்சில் 1883-ம் வருஷத்து ஆர்கன் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டில் பீட்டர் கொனாக்கர் பட்டறையில் செய்து கப்பலில் வந்தது. டவுன் ஹால்களுக்கு ஆர்கன் செய்து கொடுத்த அதே காலம், அதே கைத்தொழில். தினமும் எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி அந்த வழியாகப் போகிற ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இந்த ஊரில் கார்ப்பரேஷன் பள்ளிகள் எத்தனை இருக்கின்றன! அந்தப் பிள்ளைகள் வருஷத்தில் ஒரு நாள் அங்கே போய், பெரிய குழாய் ஊதும்போது பெஞ்சு அதிர்வதைத் தொட்டுப் பார்க்க ஒரு ஏற்பாடு செய்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அது மதப் பிரசாரம் இல்லை. காற்றுக்கு மதம் கிடையாது. பௌதிகப் பாடத்தில் அதிர்வெண் என்று ஒரு அத்தியாயம் வருமே, அதை நேரில் காட்டினதாகவாவது வைத்துக்கொள்ளலாம்.

*

கடைசியாக, ஆரம்பித்த கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

சோறா, பாட்டா என்றால் சோறுதான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் எந்த ஊரிலாவது பாட்டை நிறுத்தியதால் மிச்சமான காசு சோறாக மாறி ஏழை வீட்டுத் தட்டில் விழுந்ததா? பர்மிங்காமில் பாட்டை வெட்டினார்கள். அதே பட்ஜெட்டில் வயதானவர்கள், பிள்ளைகள், நூலகம் எல்லாவற்றிலும் சேர்த்துத்தான் வெட்டினார்கள். வீட்டு வரியையும் 2024-ல் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏற்றினார்கள். பாட்டும் போயிற்று, சோறும் குறைந்தது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்திச் சண்டை மூட்டிவிட்டு, நடுவில் தப்பித்துப் போனது கணக்கைச் சொதப்பியவர்கள்தான்.

அதனால், அடுத்த தடவை உங்கள் ஊரில் பூங்கா மேடையையோ, இசைப் பள்ளியையோ, நூலகத்தையோ ‘நஷ்டத்தில் ஓடுது’ என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ‘முழுக் கணக்குப் புத்தகத்தையும் எடுத்து வைங்க சார்’ என்று கேளுங்கள். எந்த கான்ட்ராக்ட் எவ்வளவில் ஆரம்பித்து எவ்வளவில் முடிந்தது, யாருடைய கூலி பாக்கி நிற்கிறது, மேடைக்கு ஆன செலவு அதில் எத்தனையாவது பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடுங்கள்.

கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். அவ்வளவு சின்னதாக இருக்கும்.